போர்ட்டெய்னர் இன்ஸ்டால் செய்வது சில நிமிட வேலை... அப்டேட்டில்தான் சூதானம்! தோல் யூனிட்டின் கணக்கு தொலையாமல் இருக்க என்ன செய்யணும்?

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் 'கன்டெய்னர்' என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தோலையும் ஷூவையும் ஏற்றிக்கொண்டு சென்னை துறைமுகத்துக்குப் போகும் நீளமான இரும்புப் பெட்டி. அதே பேரில் இன்னொரு பெட்டியும் இருக்கு. அது கம்ப்யூட்டருக்குள்ளே ஓடுவது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பேரணாம்பட்டில் ஒரு சின்ன தோல் யூனிட். காலை 9 மணி. ஷிப்மென்ட் போகவேண்டிய நாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் முதலாளி நிற்கிறார்.

"தம்பி, லாட் கணக்கு ஒண்ணுமே காணோமேப்பா. புதுசா வாங்கின மாதிரி காலியா இருக்கு."

"பாய், நேத்து நைட்டு அப்டேட் போட்டேன் பாய். அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்டேட் போட்டா கணக்கு போயிடுமா?"

காட்சிதான் கற்பனை. சொந்தமாக சர்வர் வைத்து மென்பொருள் ஓட்டும் யாருக்கும் இப்படி ஒரு காலை வரலாம். பாய் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில்: சரியாகச் செய்தால் போகாது, தப்பாகச் செய்தால் போயிடும். சரி எது, தப்பு எது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சின்ன யூனிட்டுக்கு சொந்த சர்வர் எதுக்கு?

தோல் தொழிலில் கணக்கு என்பது வரவு செலவு மட்டும் கிடையாது. எந்த லாட் தோல் யாரிடம் வாங்கியது, எந்த ட்ரம்மில் எந்த கெமிக்கல் எவ்வளவு போட்டது, எங்கே ஜாப் வொர்க்குக்குப் போனது, டெஸ்ட் ரிப்போர்ட் என்ன சொன்னது என்று எல்லாமே கணக்குதான்.

ஒரு உதாரணம். தோலில் உள்ள குரோமியம் 6 என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருள்களில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டவே கூடாது. 2015 மே 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கு. வெளிநாட்டு பையர் 6 மாதம் கழித்து "அந்த லாட்டோட ரிப்போர்ட் அனுப்புங்க" என்று மெயில் போட்டால், எடுத்துக் கொடுக்கத் தெரியணும். கொடுக்க முடியாவிட்டால் அடுத்த ஆர்டர் கேள்விக்குறி.

உள்ளூரிலும் அப்படித்தான். பாலாற்றுப் பகுதி தோல் தொழிற்சாலைகளின் கழிவு நீர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் பதிவேடு ஒழுங்காக இருப்பது கட்டாயத் தேவை ஆகிவிட்டது.

இந்தக் கணக்கையெல்லாம் வைக்க மாதச் சந்தா கட்டும் கிளவுட் சேவைகள் நிறைய உண்டு. இன்னொரு வழி, இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளை நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவது. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். ஸ்டாக், பில் எல்லாம் அதில் பார்க்கலாம். இதுபோன்ற மென்பொருள்களை நிறுவ இன்று பெரும்பாலும் பயன்படும் முறைதான் கன்டெய்னர்.

கம்ப்யூட்டர் கன்டெய்னர்னா என்ன?

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு ஹூஸ்டன் நோக்கிக் கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபரின் யோசனை அது. உள்ளே என்ன சரக்கு இருந்தால் என்ன, பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் கப்பல், லாரி, கிரேன் எதிலும் அப்படியே ஏற்றி இறக்கலாம் என்பதுதான் அதன் பலம்.

இதே யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்ததில் முக்கியமான பெயர் டாக்கர். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் இதை ஒரு மாநாட்டு மேடையில் சில நிமிடப் பேச்சில் அறிமுகம் செய்தார். ஒரு மென்பொருள் ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுவது. அந்தப் பெட்டி என் லேப்டாப்பிலும் ஓடும், உங்க ஆபீஸ் பழைய பிசியிலும் ஓடும்.

இதில் 3 சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இமேஜ்: மென்பொருளின் மூலப் பிரதி. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் இருக்கும் இல்லையா, அதுபோல.

கன்டெய்னர்: அந்த இமேஜை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள். பேட்டர்னை வைத்து எத்தனை ஜோடி வேண்டுமானாலும் வெட்டலாம். ஒன்று வீணானால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

வால்யூம்: நீங்கள் சேர்த்த கணக்கு, ஃபைல் எல்லாம் இருக்கும் இடம். இதற்கு மட்டும் பேட்டர்ன் கிடையாது. போனால் போனதுதான்.

வாடகை ரூமில் மெஷின் போட்டு வேலை நடக்கிறது, கணக்கு நோட்டு தனி பீரோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூம்தான் கன்டெய்னர், பீரோதான் வால்யூம். ரூமைக் காலி செய்துவிட்டு புது ரூமுக்குப் போகலாம், பீரோவைக் கூடவே எடுத்துப் போனால் போதும். நோட்டைப் பீரோவில் வைக்காமல் ரூமிலேயே விட்டிருந்தால் ரூமோடு நோட்டும் போச்சு.

அந்தத் தம்பிக்கு நடந்ததும் அதுதான். மென்பொருளை நிறுவும்போது வால்யூம் இணைக்கவில்லை. அப்டேட்டுக்காகப் பழைய கன்டெய்னரை நீக்கினதும் கணக்கும் சேர்ந்தே நீங்கிவிட்டது.

போர்ட்டெய்னர் எதுக்கு?

டாக்கரை இயக்க வழக்கமாகக் கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் செய்யணும். எல்லாருக்கும் அது சரிவராது. அங்கேதான் போர்ட்டெய்னர் வருகிறது. பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம்தான் இது. எந்தக் கன்டெய்னர் ஓடுது, எது நின்னிருக்கு, எது அதிக மெமரி எடுக்குது, லாக்கில் என்ன பிழை வந்திருக்கு என்று எல்லாவற்றையும் பட்டன்களோடு காட்டும்.

2016-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை நியூசிலாந்தைச் சேர்ந்த நிறுவனம் நடத்துகிறது. 'கம்யூனிட்டி எடிஷன்' என்ற திறமூலப் பதிப்பு இலவசம். சின்ன ஆபீஸுக்கு அதுவே போதும். டாக்ஜ் போன்ற வேறு கருவிகளும் இருக்கு. எதை எடுத்தாலும் கீழே சொல்லும் அடிப்படைகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒரு சுவாரசியம் என்னவென்றால், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் போர்ட்டெய்னரே ஒரு கன்டெய்னராகத்தான் ஓடும்.

தொடங்கும் முன் என்னென்ன தயார் செய்யணும்?

கம்ப்யூட்டர்: நல்ல நிலையில் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். போர்ட்டெய்னர் எடுக்கும் மெமரி ரொம்பக் குறைவு. அதோடு சேர்ந்து ஓடப்போகும் கணக்கு மென்பொருளுக்குத்தான் ரேம் வேணும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

ஆபரேட்டிங் சிஸ்டம்: உபுண்டு 24.04 எல்டிஎஸ் போன்ற நீண்டகால ஆதரவு உள்ள லினக்ஸ் பதிப்பு. 2024 ஏப்ரலில் வந்த இதற்கு 5 வருஷம் இலவச பாதுகாப்பு அப்டேட் உண்டு.

டாக்கர்: உபுண்டுவில் 'ஸ்னாப்' வழியாக ஒரே கிளிக்கில் டாக்கர் போட ஒரு வசதி வரும். அதைத் தவிர்ப்பது நல்லது. அப்படிப் போட்ட டாக்கரோடு போர்ட்டெய்னருக்குச் சில சிக்கல்கள் வரலாம். டாக்கரின் அதிகாரபூர்வ தளம் சொல்லும் முறையிலேயே நிறுவுங்கள்.

மாறாத ஐபி முகவரி: ஆபீஸ் ரவுட்டரில் இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி நிரந்தரமாகக் கிடைக்கும்படி செட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கரன்ட் கட்டுக்குப் பிறகும் முகவரி மாறி, "நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரலை" என்ற பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

யுபிஎஸ்: இதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

டைப் செய்ய வேண்டிய கட்டளை போர்ட்டெய்னரின் அதிகாரபூர்வ ஆவணப் பக்கத்தில் இருக்கு. அங்கிருந்தே காப்பி செய்யுங்கள். யூடியூப் வீடியோவைப் பார்த்து டைப் செய்தால் ஒரு புள்ளி தப்பினாலும் சிக்கல். ஆனால் அந்தக் கட்டளைக்குள் என்ன இருக்கு என்று தெரிந்துகொண்டு போடுவது முக்கியம்.

படி 1: பீரோவை முதலில் செய்யணும். போர்ட்டெய்னர் தன் செட்டிங்ஸை வைத்துக்கொள்ள ஒரு வால்யூம் உருவாக்க வேண்டும். ஆவணத்தில் 'போர்ட்டெய்னர் டேட்டா' என்ற பெயரில் இதற்கு ஒரு வரி இருக்கும்.

படி 2: போர்ட்டெய்னரை ஓடவிடணும். இரண்டாவது கட்டளை நீளமானது. துண்டு துண்டாகப் பார்த்தால் சுலபம். பின்னணியில் ஓடு என்கிறது ஒரு துண்டு. 9443 என்ற போர்ட்டைத் திற என்கிறது இன்னொன்று. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தால் தானாகவே தொடங்கு என்பது 'ரீஸ்டார்ட் ஆல்வேஸ்'. நம்ம ஊர் கரன்ட் நிலவரத்துக்கு இது ரொம்ப அவசியம். அடுத்த துண்டு, படி 1-ல் செய்த வால்யூமை இணைக்கிறது. இந்தத் துண்டை விட்டுவிடவே கூடாது. கடைசியில் இமேஜின் பெயரும் 'எல்டிஎஸ்' என்ற டேக்கும் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று அர்த்தம். ஆபீஸ் வேலைக்கு அதையே எடுங்கள்.

ஆவணத்தில் 8000 என்ற போர்ட்டும் இருக்கும். வெளியூரில் உள்ள சர்வர்களையும் எட்ஜ் ஏஜென்ட் மூலம் சேர்த்து நிர்வகிக்கிறவர்களுக்குத்தான் அது தேவை. ஒரே கம்ப்யூட்டர் என்றால் விட்டுவிடலாம்.

படி 3: உடனே பிரவுசரில் திறக்கணும். சர்வரின் ஐபி முகவரியோடு 9443 சேர்த்துத் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று ஒரு எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். போர்ட்டெய்னர் தானே தயாரித்த சான்றிதழைப் பயன்படுத்துவதால் பிரவுசர் சந்தேகப்படுகிறது. உங்க ஆபீஸுக்குள், உங்க சர்வர்தான் என்று தெரிந்தால் தொடரலாம்.

படி 4: அட்மின் கணக்கு உருவாக்கணும். பாஸ்வேர்டு குறைந்தது 12 எழுத்து கேட்கும். இன்ஸ்டால் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. 5 நிமிடத்துக்குள் அட்மின் கணக்கு உருவாக்கவில்லை என்றால் போர்ட்டெய்னர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி கேட்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாரோ வந்து அட்மின் ஆகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

அவ்வளவுதான். உள்ளே போனால் உங்கள் கம்ப்யூட்டர் 'லோக்கல்' என்ற பெயரில் தெரியும். ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றை 'ஸ்டாக்ஸ்' பகுதியில், அந்தந்த மென்பொருளின் அதிகாரபூர்வ காம்போஸ் ஃபைலை வைத்து நிறுவலாம். போடும் முன் அந்த ஃபைலில் 'வால்யூம்ஸ்' பகுதி இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பக்கம் மொத்த கம்ப்யூட்டரின் சாவி!

நீளமான அந்தக் கட்டளையில் ஒரு துண்டை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். 'டாக்கர் சாக்கெட்'டை போர்ட்டெய்னருக்கு இணைக்கும் துண்டு. டாக்கருக்கு உத்தரவு போடும் வழி அது. அந்த வழி கையில் இருந்தால் கம்ப்யூட்டரின் எந்த ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம். அதாவது போர்ட்டெய்னர் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர் கையில் மொத்த சர்வரும் இருக்கு.

இதை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனத்தின் கன்டெய்னர் நிர்வாகப் பக்கம் ஒன்று பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியே சொன்னது. அது போர்ட்டெய்னர் கிடையாது, குபர்நெட்டிஸ் என்ற வேறு கருவி. ஹேக்கர்கள் அதற்குள் ஏற்கெனவே புகுந்து, டெஸ்லாவின் கணினித் திறனில் கிரிப்டோ நாணயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் வரக் கூடாது என்று வேகத்தைக் குறைத்தே ஓட்டியிருக்கிறார்கள். டெஸ்லாவுக்கே அப்படி என்றால் நம்ம ஆபீஸ் எம்மாத்திரம்?

எனவே இதைச் செய்யுங்கள்:

வீட்டிலிருந்து பார்க்கணும் என்பதற்காக ரவுட்டரில் 9443 போர்ட்டை வெளியே திறந்துவிட வேண்டாம். வெளியிலிருந்து அவசியம் பார்க்கணும் என்றால் வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள்.

உபுண்டுவில் ஃபயர்வால் போட்டுவிட்டேன், இனி கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். பலருக்கும் தெரியாத விஷயம் இது. டாக்கர் திறக்கும் போர்ட்டுகள், உபுண்டுவின் வழக்கமான யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் மூடிவிட்டதாக நினைத்த போர்ட் திறந்தே இருக்கலாம்.

அட்மின் பாஸ்வேர்டை ஆபீஸ் முழுக்கப் பகிர வேண்டாம். மற்றவர்களுக்குத் தனி யூசர் கொடுங்கள். பாஸ்வேர்டை எழுதி முதலாளியின் லாக்கரில் வையுங்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி வேலையை விட்டுப் போனால், சாவியும் கூடவே போய்விடக் கூடாது பாருங்க.

அப்டேட் அவ்வளவு முக்கியமா?

"நல்லாத்தான் ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?" என்று தோன்றலாம். 2017 மே 12 அன்று உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னாக்ரை வைரஸை நினைத்துப் பாருங்கள். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்துவிட்டது. 2 மாதம் ஆகியும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

போர்ட்டெய்னருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தனியாக இயங்குவதில்லை, டாக்கரோடு பேசிக்கொண்டே இருக்கணும். 2025 நவம்பரில் டாக்கர் எஞ்சின் 29-வது பதிப்பு வந்தது. பழைய பேச்சு முறைகளை அது ஏற்க மறுத்தது. உபுண்டுவின் வழக்கமான அப்டேட்டோடு சேர்ந்து டாக்கர் மட்டும் புதுசானது, போர்ட்டெய்னர் பழசாகவே நின்றது. அப்படிப்பட்ட இடங்களில் 'லோக்கல்' சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று பிழை காட்டியது. பிறகு போர்ட்டெய்னரின் புதிய பதிப்புகளில் இது சரி செய்யப்பட்டது.

இதில் இரண்டு பாடம். ஒன்று, டாக்கரையும் போர்ட்டெய்னரையும் சேர்த்தே கவனிக்கணும். டாக்கரின் பெரிய பதிப்பு மாறும்போது, உங்க போர்ட்டெய்னர் பதிப்பு அதற்குப் பொருந்துமா என்று பார்த்த பிறகு அப்டேட் கொடுங்கள்.

இரண்டு, போர்ட்டெய்னர் என்பது ஜன்னல் மாதிரி. ஜன்னல் மூடினால் உள்ளே நடப்பது தெரியாது, ஆனால் வேலை நின்றுவிடாது. போர்ட்டெய்னர் திறக்கவில்லை என்று பதறி, உள்ளே ஓடும் கன்டெய்னர்களை அழித்துவிடாதீர்கள்.

போர்ட்டெய்னரை அப்டேட் செய்யும் முறை

ஷிப்மென்ட் நாள், சம்பள நாள் வேண்டாம். வேலை முடிந்த சாயங்காலமோ லீவு நாளோ பார்த்து உட்காருங்கள்.

1. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கணும். புதிய பதிப்பில் என்ன மாறுகிறது, எந்த டாக்கர் பதிப்போடு ஓடும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

2. பேக்கப் எடுக்கணும். போர்ட்டெய்னரின் 'செட்டிங்ஸ்' பகுதியில் பேக்கப் டவுன்லோட் செய்யும் வசதி இருக்கு. அந்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ வையுங்கள். ஒரே சர்வரிலேயே பேக்கப் வைப்பது, பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல.

3. புதிய இமேஜை இறக்கணும். 'புல்' கட்டளை. இது முடியும் வரை பழையது ஓடிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் பாதியில் நின்றாலும் நஷ்டமில்லை. அதனால்தான் இதை முதலிலேயே செய்யச் சொல்கிறோம்.

4. பழைய கன்டெய்னரை நிறுத்தி நீக்கணும். 'ஸ்டாப்', பிறகு 'ரிமூவ்'. நீக்குவது கன்டெய்னரை மட்டும். 'போர்ட்டெய்னர் டேட்டா' வால்யூமைத் தொடவே கூடாது. ரூமைத்தான் காலி செய்கிறோம், பீரோவைக் கிடையாது.

5. அதே பழைய கட்டளையைப் போடணும். இன்ஸ்டாலின்போது போட்ட அதே நீளக் கட்டளை, அதே வால்யூம் பெயர். அதனால்தான் முதல் நாளே அந்தக் கட்டளையை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். வால்யூம் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் டாக்கர் பிழை சொல்லாது. அந்தப் பெயரில் காலியாக ஒரு புது வால்யூமை உருவாக்கிவிடும். திறந்து பார்த்தால் புதுசா வாங்கின மாதிரி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அப்படிக் கேட்டால் பதற வேண்டாம். பழைய வால்யூம் அப்படியே இருக்கும். சரியான பெயரோடு மறுபடி ஓட்டினால் எல்லாம் வந்துவிடும்.

6. சரிபார்க்கணும். பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே போங்கள். பதிப்பு எண் மாறியிருக்கிறதா, எல்லா கன்டெய்னரும் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கம் விநோதமாகத் தெரிந்தால் பிரவுசர் கேஷை அழித்துவிட்டுத் திறங்கள். வேறு கம்ப்யூட்டர்களில் போர்ட்டெய்னர் ஏஜென்ட் வைத்திருந்தால் அதையும் அதே பதிப்புக்கு மாற்றுங்கள்.

ஒரு விஷயம் கவனிங்க. அப்டேட் ஆனதும் போர்ட்டெய்னர் தன் டேட்டாபேஸைப் புதிய வடிவத்துக்குத் தானாக மாற்றிக்கொள்ளும். அதன் பிறகு "புதுசு பிடிக்கலை, பழசுக்கே போறேன்" என்று சுலபமாகத் திரும்ப முடியாது. 2-வது படியில் எடுத்த பேக்கப்தான் அப்போது கைகொடுக்கும்.

பெரிய குழப்பம்: அந்த பேக்கப்பில் உங்க கணக்கு இல்லை!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். போர்ட்டெய்னரில் எடுக்கும் பேக்கப் என்பது போர்ட்டெய்னரின் சொந்த செட்டிங்ஸுக்கு மட்டும்தான். யூசர் பெயர்கள், ஸ்டாக் ஃபைல்கள் போன்றவை அதில் இருக்கும். உங்கள் லாட் கணக்கு, பில், டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் அதில் கிடையாது. அவை ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற மென்பொருளின் தனி வால்யூம்களில் இருக்கும். அந்த மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியை வைத்து, அவற்றைத் தனியாக எடுக்கணும்.

எத்தனை பிரதி? உலகம் முழுக்கச் சொல்லப்படும் 3-2-1 கணக்கு எளிமையானது. மொத்தம் 3 பிரதி, 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். யூனிட்டில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, முதலாளி வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒன்றாவது மிஞ்சும்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. 3 மாதத்துக்கு ஒருமுறையாவது அதை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, போன மாத லாட் ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

உள்ளே ஓடும் மென்பொருள்களை அப்டேட் செய்யும்போது...

இதற்குத்தான் போர்ட்டெய்னர் ரொம்ப உதவும். ஸ்டாக்கைத் திறந்து, பதிப்பு எண்ணை மாற்றி, 'அப்டேட்' கொடுத்தால் புதிய இமேஜை இறக்கி கன்டெய்னரை மாற்றிவிடும். பட்டன் சுலபமாக இருப்பதாலேயே சில இடங்களில் நிதானம் வேணும்.

'லேட்டஸ்ட்' டேக் வேண்டாம். இமேஜ் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால், அடுத்த முறை இமேஜை இறக்கும்போது எந்தப் பதிப்பு வரும் என்று உங்களுக்கே தெரியாது. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் போடுங்கள்.

டேட்டாபேஸில் இரட்டைக் கவனம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 15-லிருந்து 16-க்கு எண்ணை மட்டும் மாற்றினால் அது தொடங்கவே தொடங்காது. பழைய தரவின் வடிவம் புதிய பதிப்புக்கு ஒத்துவராது. பழையதில் இருந்து தரவை வெளியே எடுத்து, புதியதில் ஏற்றணும்.

ஒரு நேரத்தில் ஒன்று. நாலு மென்பொருளையும் ஒரே ராத்திரியில் அப்டேட் செய்தால், காலையில் எது கோளாறு செய்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும்.

நீக்கும் பட்டன்களில் நிதானம். பழைய இமேஜ்கள் சேர்ந்து டிஸ்க் நிரம்பும், அவற்றை அவ்வப்போது நீக்கலாம். ஆனால் வால்யூம் பட்டியலில் 'பயன்பாட்டில் இல்லை' என்று காட்டினால் உடனே அழிக்காதீர்கள். கன்டெய்னரை நிறுத்தி நீக்கியிருக்கும் அந்த நேரத்தில், உங்க கணக்கு இருக்கும் வால்யூமும் அப்படித்தான் காட்டும்.

யாருக்கு இது சரிப்படும்? யாருக்கு வேண்டாம்?

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கி அப்டேட் பார்க்கவும், தினமும் பேக்கப் ஓடியதா என்று கவனிக்கவும் ஆபீஸில் ஒருவர் இருந்தால், தாராளமாகச் செய்யலாம். சந்தா மிச்சம், தரவு நம்ம கையில், இன்டர்நெட் போனாலும் ஆபீஸுக்குள் வேலை நடக்கும்.

அப்படி யாருமே இல்லை, வெளியாள் ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போயிடுவார், அதுக்கப்புறம் யாரும் தொட மாட்டார்கள் என்றால் வேண்டாம். காசு கொடுத்து நல்ல கிளவுட் சேவையை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கவனிக்க ஆள் இல்லாத சர்வர் இலவசம் மாதிரி தெரியும், ஆனால் அதற்கான பில் ஒருநாள் மொத்தமாக வரும்.

ஹேக்கிங் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் முதலில் சர்வரின் நெட்வொர்க் கேபிளை எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். இந்திய கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் இதுபோன்ற சம்பவங்களை கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அப்டேட் பட்டனைத் தொடும் முன் 5 கேள்விகள்

1. மென்பொருளின் கணக்கு வால்யூமில்தான் இருக்கிறதா? பெயர் என்ன?

2. போர்ட்டெய்னர் பேக்கப், கணக்கு மென்பொருள் பேக்கப், இரண்டும் இன்று எடுத்தாச்சா?

3. அந்த பேக்கப் சர்வருக்கு வெளியே இருக்கிறதா?

4. இன்ஸ்டால் செய்த கட்டளை பத்திரமாக இருக்கிறதா?

5. நாளைக்கு காலையில் அவசர வேலை எதுவும் இல்லையே?

ஐந்துக்கும் 'ஆமாம்' வந்தால் தைரியமாக அப்டேட் கொடுக்கலாம். ஒன்றுக்காவது 'தெரியலை' வந்தால், இன்றைக்கு விட்டுவிட்டு முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"அப்டேட் போட்டா கணக்கு போயிடுமா?" என்று பாய் மறுபடி கேட்டால், "பீரோ பத்திரமா இருக்கு பாய், ரூமைத்தான் மாத்தினேன்" என்று தம்பி சொல்ல முடியணும். அதற்கான ஏற்பாட்டை இன்ஸ்டால் செய்யும் முதல் நாளே செய்துவிடுங்கள்.